மேக்னெட் பள்ளியின் வீட்டுப்பாடமும் எங்கள் வீட்டு மாலைகளும்

என் மகள் 2022 முதல் 2025 வரை, அதாவது ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு முடியும்வரை, அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் ஓர் அரசுப் பள்ளியின் மேக்னெட் பிரிவில் படித்தாள். இடம் கிடைத்த செய்தி வந்ததுமே எங்கள் தமிழ் நண்பர்கள் வட்டாரத்தில் இரண்டு விதமான பேச்சு கிளம்பிவிட்டது. "கொடுத்துவைத்த பிள்ளை" என்றார்கள் சிலர். ஏற்கெனவே பிள்ளைகளை அங்கே அனுப்பியிருந்தவர்களோ, "இனி ராத்திரித் தூக்கத்தை மறந்துவிடுங்கள்" என்றார்கள். அந்த ஆண்டுகளின் வீட்டுப்பாடச் சுமையை எப்படிச் சமாளித்தோம் என்பதை, இந்த ஆண்டு முடிவுக்காகக் காத்திருக்கும் பெற்றோருக்காக எழுதிவைக்கிறேன்.

தமிழ்நாட்டிலிருந்து அண்மையில் வந்தவர்களுக்கு ஒரு சிறு விளக்கம். மேக்னெட் பள்ளி தனியார் பள்ளியும் அல்ல, நம் ஊர் மாதிரிப் பள்ளி போன்றதும் அல்ல. அமெரிக்காவில் பிள்ளைகள் பொதுவாகத் தாங்கள் வசிக்கும் எல்லைக்குள் இருக்கும் அரசுப் பள்ளிக்குத்தான் போக வேண்டும். கறுப்பினப் பிள்ளைகளும் வெள்ளையினப் பிள்ளைகளும் தனித்தனிப் பள்ளிகளில் படிக்கும் நிலையை மாற்றுவதற்காக, எல்லை தாண்டியும் பெற்றோர் தாமாகவே விரும்பி அனுப்பும்படி சிறப்புப் பாடத்திட்டத்துடன் சில பள்ளிகளை 1960-களின் இறுதியிலிருந்து உருவாக்கத் தொடங்கினார்கள். வாஷிங்டன் மாநிலத்தின் டகோமா நகரில் 1968-இல் தொடங்கியதே இவற்றில் முதலாவது என்பார்கள். எங்கள் பக்கத்தில் புகழ்பெற்ற இரண்டு, மேரிலாந்தின் பிளேர் உயர்நிலைப் பள்ளியில் உள்ள அறிவியல் - கணிதப் பிரிவும் வர்ஜீனியாவின் தாமஸ் ஜெஃபர்சன் பள்ளியும், 1985-இல் தொடங்கியவை. இந்த வரலாற்றுக்கும் வீட்டுப்பாடத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு. எல்லை தாண்டி வரவழைப்பதே நோக்கம் என்பதால் பள்ளி வீட்டுக்கு அருகில் இருப்பதில்லை. வீட்டு வாசலில் நிற்கும் பேருந்து இல்லை. பொது நிறுத்தம் ஒன்றுக்குக் காரில் கொண்டுபோய் விட வேண்டும், மாலையில் அங்கிருந்தே கூட்டி வர வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளை பள்ளி முடிந்து வந்து, சாப்பிட்டு, சைக்கிள் ஓட்டி முடித்த பிறகுதான் எங்கள் மகள் வீட்டுக்குள் காலடி எடுத்து வைப்பாள். வீட்டுப்பாடம் சமமாகவே இருந்தாலும் அதற்கான மாலை சமமாக இல்லை.

வீட்டுப்பாடம் சமமாகவும் இல்லை. அமெரிக்கப் பள்ளிகளில் பத்து நிமிட விதி என்று ஒன்றைப் பரவலாகச் சொல்வார்கள்; வகுப்பு எண்ணைப் பத்தால் பெருக்கினால் வருவதுதான் ஒரு நாளைய வீட்டுப்பாடத்துக்குத் தகுந்த நேரம். ஆறாம் வகுப்பென்றால் ஒரு மணி நேரம். ஆசிரியர் சங்கமும் தேசியப் பெற்றோர் - ஆசிரியர் அமைப்பும் ஏற்றுக்கொண்ட இந்த விதி, மேக்னெட் பிரிவில் பேச்சுக்குக்கூட எடுபடவில்லை. முதல் செமஸ்டரிலேயே இரவு பத்தரை, பதினொன்று என்று ஆகிவிட்டது. அப்போது திருநெல்வேலியிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்த என் மாமியார், சாப்பாட்டு மேசையில் விளக்கெரிவதைப் பார்த்துவிட்டு, "பன்னிரண்டு வயசுகூட ஆகல, இவளுக்கு என்னம்மா இப்பவே பப்ளிக் பரீட்சை?" என்று கேட்டார். பப்ளிக் பரீட்சைக்காவது தேதி உண்டு, அது முடிந்தால் விடுமுறை உண்டு என்று அவரிடம் சொன்னேன்.

எதனால் இவ்வளவு நேரமாகிறது என்று மகளிடம் கேட்டால் "நிறைய இருக்கிறது" என்பதைத் தவிர வேறு பதில் வராது. ஆசிரியர்களிடம் வெறுமனே "நிறைய இருக்கிறது" என்று போய் நின்றால் என்ன பதில் கிடைக்கும் என்பது எல்லாப் பெற்றோருக்கும் தெரியும். எனவே கணினித் துறையில் வேலை செய்யும் என் கணவர் ஒரு வழி சொன்னார். அலுவலகத்தில் செய்வதுபோல, ஒவ்வொரு வேலையையும் தொடங்குமுன் எவ்வளவு நேரமாகும் என்று அவளே ஒரு நோட்டில் எழுத வேண்டும். முடித்த பிறகு உண்மையில் எவ்வளவு ஆனது என்பதைப் பக்கத்தில் எழுத வேண்டும். அவ்வளவுதான். நாங்கள் அதைப் பார்த்துத் திட்டக் கூடாது என்பது அவள் போட்ட நிபந்தனை, ஒப்புக்கொண்டோம்.

அந்த நோட்டு காட்டியது நாங்கள் எதிர்பார்த்ததல்ல. மலைபோலத் தோன்றிய ஸ்பானிஷ் மொழிப் பாடம் இருபது நிமிடங்களில் முடிந்துகொண்டிருந்தது. கணிதத்தில் ஒரு தாளில் ஆறு கணக்குகள் என்றால் ஐந்தை அரை மணி நேரத்தில் முடித்துவிட்டு, ஆறாவதோடு ஒரு மணி நேரம் மல்லாடியிருந்தாள். அறிவியல் லேப் ரிப்போர்ட்டுக்கு அவள் போட்டிருந்த மதிப்பு நாற்பது நிமிடம். ஆனது இரண்டு மணி நேரத்துக்கும் மேல். அந்த ரிப்போர்ட்டை அருகில் உட்கார்ந்து பார்த்தேன். சோதனையின் முடிவு, அதற்கான சான்று, அந்தச் சான்று ஏன் பொருந்துகிறது என்ற விளக்கம், இவை மூன்றுதான் ஆசிரியர் கேட்டவை. அவளோ வரைபடக் கோடுகளின் நிறத்தை மாற்றிக்கொண்டும், ஒரு பத்தியில் முடிய வேண்டிய விளக்கத்தை மூன்று பத்திகளாக இழுத்துக்கொண்டும் இருந்தாள். ஏன் என்றால், வகுப்புப் பிள்ளைகளின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ "நான் ஐந்து பக்கம் எழுதிவிட்டேன்" என்று போட்டிருந்தார்களாம். ஒவ்வொருவரும் தங்கள் பழைய பள்ளியில் முதலிடத்தில் இருந்த பிள்ளைகள்; இங்கே எல்லோரும் ஒரே அறையில். ஆசிரியர் இரண்டு பக்கம் கேட்டால் முதல் பிள்ளை மூன்று எழுதும், அடுத்தது நான்கு எழுதும், ஜனவரிக்குள் ஐந்து பக்கம் என்பதே வகுப்பின் எழுதாத சட்டமாகிவிடும். மேக்னெட் வீட்டுப்பாடத்தைப் பற்றிக் குறைசொல்லும் பெற்றோர் இந்தப் பகுதியைப் பேசுவதே இல்லை.

நோட்டை வைத்துக்கொண்டு ஆசிரியர்களிடம் பேசியபோது நிலைமை மாறியது. இங்கே ஒரு வழக்கத்தைப் புரிந்துகொள்ள எனக்குச் சற்று நாளானது. ஆசிரியருக்குப் பிள்ளைதான் மின்னஞ்சல் எழுத வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். அம்மா எழுதினால் பணிவாகப் பதில் வரும், பிள்ளை எழுதினால் தீர்வு வரும். மகள் எழுதினாள்: இந்தத் தாளின் ஆறாவது கணக்குக்கு மட்டும் எனக்கு ஒரு மணி நேரமானது, இது சரிதானா? கணித ஆசிரியர் மறுநாளே பதிலளித்தார். நாற்பத்தைந்து நிமிடத்துக்கு மேல் யாரும் உட்காரத் தேவையில்லை. நேரம் முடிந்ததும் அங்கேயே ஒரு கோடு போட்டு, அதுவரை என்ன முயன்றாள் என்பதை இரண்டு வரிகளில் எழுதிக் கொண்டுவந்தால் போதும். அந்தக் கடைசிக் கணக்கு வகுப்பில் விவாதிப்பதற்காகவே வைத்தது. இதை ஆண்டின் தொடக்கத்தில் சொல்லியிருக்கலாமே என்று எனக்குத் தோன்றியது. பின்னர் விசாரித்தால், பெற்றோர் கூட்டத்தில் சொல்லியிருக்கிறார். பிள்ளைகளில் ஒருவரும் அதை நம்பவில்லை. எங்கள் பள்ளியில் பயிற்சிக்கான வீட்டுப்பாடத்துக்கு மொத்த மதிப்பெண்ணில் பத்தில் ஒரு பங்குதான் என்பதும் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஆனாலும் வீட்டுப்பாடமும் மதிப்பெண்ணும் பதிவாகும் கேன்வாஸ் செயலியில் ஒரு சிவப்பு எழுத்து தெரிந்தால் அந்த வயதில் தூக்கம் வருவதில்லை.

அன்றாட வேலை இப்படி ஓரளவு அடங்கிய பின்னரும் அடங்காமல் நின்றவை நீண்டகால ப்ராஜெக்டுகள். ஏழாம் வகுப்பில் நேஷனல் ஹிஸ்டரி டே என்னும் வரலாற்றுப் போட்டிக்கான படைப்பு. பள்ளி, வட்டாரம், மாநிலம் என்று படியேறி, ஜூன் மாதம் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தின் காலேஜ் பார்க் வளாகத்தில் தேசியச் சுற்று நடக்கும். 2024-க்கான கருப்பொருள் வரலாற்றின் திருப்புமுனைகள். என் மகளும் இரண்டு தோழிகளும் 1904 பிப்ரவரி 7 அன்று பால்டிமோர் நகரில் மூண்ட பெருந்தீயை எடுத்துக்கொண்டார்கள். ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட கட்டடங்களை அழித்த தீ அது. தலைநகர் வாஷிங்டனிலிருந்து உதவிக்கு வந்த தீயணைப்பு வண்டிகளின் குழாய் இணைப்புகள் பால்டிமோரின் தண்ணீர்க் குழாய்களில் பொருந்தவே இல்லை. நாடெங்கும் ஒரே அளவு இணைப்பு வேண்டும் என்ற கோரிக்கை அதன் பிறகுதான் வலுத்தது. தலைப்பு அருமையானது, அதை நான் இன்னும் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் பத்து நிமிட ஆவணப்படம் ஒன்றுக்குப் பின்னால் இருக்கும் வேலையைப் பாருங்கள். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் இணையத்தில் வைத்திருக்கும் பழைய நாளிதழ்ப் பக்கங்களைத் தேடி, மங்கிய எழுத்துகளைப் பெரிதாக்கிப் படிக்க வேண்டும். பயன்படுத்திய ஒவ்வொரு ஆதாரத்தையும் முதல்நிலை, இரண்டாம்நிலை என்று பிரித்து, அது எந்த வகையில் உதவியது என்று ஒவ்வொன்றின் கீழும் சில வாக்கியங்கள் எழுத வேண்டும். செய்த விதத்தைப் பற்றி ஐந்நூறு சொற்களுக்குள் தனிக் கட்டுரை வேண்டும். இத்தனையும் அக்டோபரில் அறிவிக்கப்பட்டு, குளிர்கால விடுமுறைக்குப் பிறகு கொடுத்தால் போதும் என்று இருந்தது. மூன்று மாத அவகாசம் என்று கேட்க இனிமையாக இருந்தாலும், அந்த மூன்று மாதங்களில் அறிவியல் ஆய்வு ஒன்றும் ஆங்கிலப் பாடத்தின் நீண்ட கட்டுரையும் அதே ஜனவரி வாரத்தில் வந்து விழுந்தன. ஒவ்வொரு ஆசிரியரும் தம் பாடத்துக்கு நியாயமான தேதியைத்தான் வைத்திருந்தார். மூன்று நியாயமான தேதிகள் சேர்ந்து ஒரு அநியாயமான வாரத்தை உண்டாக்கின.

இதற்கு நாங்கள் கண்ட வழி, மூன்று பிள்ளைகளும் சேர்ந்து ஒரே ஒரு தாளில் எல்லாப் பாடங்களின் தேதிகளையும் எழுதி, அதை ஆலோசகரிடம் கொண்டுபோனதுதான். அங்கே கவுன்சிலர் என்று ஒருவர் இருப்பார். மனநலத்துக்கு மட்டுமல்லாமல் இத்தகைய ஒழுங்குகளுக்கும் அவரே பொறுப்பு. ஆங்கிலக் கட்டுரை ஒரு வாரம் தள்ளிப் போனது. வரலாற்றுக்கு ஆதாரப் பட்டியலை மட்டும் நவம்பர் இறுதியிலேயே தனியாகக் கொடுக்கும் ஏற்பாடு வந்தது. அந்தப் பிந்தைய மாற்றம்தான் பெரிய உதவி, ஏனென்றால் பிள்ளைகள் இரவெல்லாம் கண்விழிப்பது படம் எடுப்பதற்காக அல்ல, எங்கே படித்தோம் என்று மறந்துபோன ஆதாரங்களைத் திரும்பத் தேடுவதற்காகத்தான்.

எங்கள் சமூகத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. வீட்டுப்பாடம் கொல்கிறது என்று என்னிடம் வருந்திய தாய்மார் பலரின் வார அட்டவணையைக் கேட்டால் செவ்வாய் வெளிக் கணித வகுப்பு, புதன் பரதநாட்டியம், வெள்ளி விவாதப் பயிற்சி, சனி வயலின், ஞாயிறு தமிழ்ப் பள்ளி என்று நீளும். பள்ளியில் ஏற்கெனவே தன் வகுப்பைவிட இரண்டாண்டு மேலான கணிதம் படிக்கும் பிள்ளைக்கு அதற்கு மேலும் ஒரு கணித வகுப்பு எதற்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. நாங்கள் அந்த வகுப்பில் சேர்க்கவில்லை. தமிழ்ப் பள்ளியை விடுவதா வேண்டாமா என்பதில்தான் வீட்டில் நீண்ட விவாதம் நடந்தது. அவள் விடவில்லை, காரணம் மொழிப்பற்று என்று நான் பெருமைப்பட்டுக்கொள்ள முடியாது. அங்கேதான் மேக்னெட் பள்ளியைச் சேராத தோழிகள் இருந்தார்கள். அங்கே யாரும் யாரிடமும் எத்தனை பக்கம் என்று கேட்பதில்லை.

தூக்கத்துக்கு மட்டும் நாங்கள் விட்டுக்கொடுக்காத ஒரு விதியை வைத்தோம். கேன்வாஸில் பெரும்பாலான அசைன்மென்டுகளின் கெடு இரவு 11:59. பெரியவர்களுக்கு அது நள்ளிரவுக்கு முன் என்று பொருள். பிள்ளைகளுக்கோ 11:58 வரை திருத்தலாம் என்று பொருள். பதின்பருவத்தினருக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறார்கள் தூக்க மருத்துவர்கள். நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகள் காலை எட்டரைக்கு முன் தொடங்க வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2014-இலேயே பரிந்துரைத்தது. கலிஃபோர்னியா உயர்நிலைப் பள்ளிகளுக்கு அதைச் சட்டமாகவே ஆக்கி 2022 முதல் நடைமுறைப்படுத்தியிருக்கிறது. எங்கள் பக்கத்தில் அப்படி இல்லை என்பதால், முடிந்ததோ முடியவில்லையோ பத்து மணிக்கு மடிக்கணினி எங்கள் அறைக்கு வந்துவிடும் என்று வைத்தோம். முதல் மாதம் அழுகை. சில அசைன்மென்டுகள் ஒரு நாள் தாமதமாகவும் போயின. அதனால் ஆண்டு முடிவில் எந்தப் பாடத்தின் கிரேடும் மாறவில்லை.

இப்போது அவள் உயர்நிலைப் பள்ளியின் மேக்னெட் பிரிவில் ஒன்பதாம் வகுப்பு. கலிஃபோர்னியாவில் நல்ல தேர்ச்சி காட்டும் பத்துப் பள்ளிகளின் நான்காயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களிடம் எடுத்து 2013-இல் வெளியான ஆய்வொன்றில் சராசரி வீட்டுப்பாடம் நாளுக்கு மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல் என்று இருந்தது. அவளுடைய இரவுகளும் அந்தக் கணக்கை ஒட்டியே போகின்றன. வீட்டுப்பாடம் குறித்து நீண்டகாலமாக ஆராய்ந்த டியூக் பல்கலைக்கழகத்தின் ஹாரிஸ் கூப்பர், உயர்நிலை மாணவர்களுக்கும் அளவுக்கு மீறிய வீட்டுப்பாடத்தால் மதிப்பெண் கூடுவதில்லை என்று 2006-இலேயே எழுதியிருக்கிறார். இந்த ஆண்டு ஏழு பாடங்களில் ஒன்றை மட்டும் அவள் ஹானர்ஸ் என்னும் கடினமான நிலையில் எடுக்காமல் சாதாரண நிலையில் எடுத்தது அவளாகவே செய்த முடிவு.

இடம் கிடைத்தவர்கள் பள்ளியின் திறந்த வரவேற்பு நாளுக்குக் கட்டாயம் போய்வாருங்கள். பெரிய ப்ராஜெக்டுகளின் தேதிகளை ஆசிரியர்கள் கலந்து பேசி வைக்கிறார்களா, ஒரு நாள் தாமதத்துக்கு எத்தனை மதிப்பெண் குறையும், ஒரு பாடத்தில் இவ்வளவு நேரத்துக்கு மேல் உட்கார வேண்டாம் என்ற வரம்பு உண்டா என்று நேராகக் கேளுங்கள். மேடையில் பேசுகிறவர்களிடம் கேட்பதைவிட, வழிகாட்டுவதற்காக வராந்தாவில் நிற்கும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கேட்பது நல்லது. எந்த மாதம் மோசம் என்று அவர்கள் யோசிக்காமலே சொல்லிவிடுவார்கள்.