முதல் அரியருக்குப் பிறகு

அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புப் பெற்ற பொறியியல் கல்லூரிகளில், முதல் பருவத்தில் பெற்ற மதிப்பெண்ணைவிட அதை மாணவர் எவ்வாறு எடுத்துக்கொள்கிறார் என்பதே அவருடைய அடுத்த பருவங்களைப் பெரிதும் தீர்மானிக்கிறது என்பது, ஆசிரியப் பணியில் எனக்கு உறுதிப்பட்ட ஒன்று. தமிழ்வழியில் படித்துப் பள்ளியில் முதலிடம் பெற்று வந்தவர், ஆங்கிலத்தில் நடக்கும் கணித வகுப்பில் சந்தேகம் கேட்கக் கூசுகிறார். கூச்சத்தால் பாடம் விட்டுப்போகிறது, அரியர் (தேர்ச்சி பெறாமல் நிலுவையில் நிற்கும் பாடம்) விழுகிறது. அப்போது எழும் அவமான உணர்வை இனங்காணாமல், "எனக்கு மேக்ஸ் வராது சார்" என்று தம் திறமையின் மீதே தீர்ப்பு எழுதிக்கொள்கிறார். வீட்டுக்குச் சொல்வதில்லை, வகுப்புக்கு வருவதும் குறைகிறது, அடுத்த பருவத்தில் அரியர்கள் கூடுகின்றன.

தன் உணர்வையும் பிறர் உணர்வையும் கவனித்து, ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரித்தறிந்து, அந்த அறிவைக்கொண்டு சிந்தனையையும் செயலையும் நடத்தும் திறன் என்று உளவியலாளர்கள் பீட்டர் சாலவேயும் ஜான் மேயரும் 1990-இல் உணர்வுசார் நுண்ணறிவை வரையறுத்தார்கள். அந்தப் பிரித்தறிதல்தான் இம்மாணவருக்குக் கைகூடவில்லை.

சிட்னி பல்கலைக்கழகத்தின் கரோலின் மெக்கான் குழுவினர் 2020-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, 27 நாடுகளைச் சேர்ந்த 42,000-க்கும் மேற்பட்ட மாணவர்களின் தரவுகளை ஒன்றுசேர்த்தது. இத்திறனுக்கும் கல்வி அடைவுக்கும் இடையிலான ஒட்டுறவு, அதாவது இரண்டும் சேர்ந்து கூடிக் குறையும் அளவு (0 என்றால் தொடர்பில்லை, 1 என்றால் முழுத் தொடர்பு), 0.20 அளவில் இருந்தது. இது மிகப் பெரிய எண் அன்று. ஆயினும் புறக்கணிக்கத்தக்கதும் அன்று. சோதனை வைத்துத் திறனை அளந்தபோது 0.24 ஆகவும், மாணவர்களே தம்மை மதிப்பிட்டுக்கொண்டபோது 0.12 ஆகவும் அது இருந்தது என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். கருத்தரங்கக் கூடத்தில் முதலாமாண்டு மாணவர் அனைவரையும் அமரவைத்து, வினாத்தாளில் "நான் பிறரைப் புரிந்துகொள்பவன்" என்பதற்கு எதிரே குறியிடச் செய்து, மாலையில் சான்றிதழ் வழங்கி முடிக்கும் ஒருநாள் பயிலரங்குகளில் எனக்கு நம்பிக்கையில்லாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

வகுப்பறைக்குள்ளேயே செய்யத்தக்கவை இருக்கின்றன. தேர்வுக்குச் சற்றுமுன் 10 நிமிடம் தம் கவலைகளை எழுதிய மாணவர்கள், குறிப்பாகத் தேர்வச்சம் மிகுந்தவர்கள், கூடுதலாக மதிப்பெண் பெற்றதாக உளவியல் ஆய்வாளர்கள் ஜெரார்டோ ராமிரெஸும் சியான் பைலாக்கும் 2011-இல் காட்டினார்கள். கவலை பிடித்துவைத்திருக்கும் நினைவாற்றலை எழுத்து விடுவிக்கிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். நம் இன்டர்னல் தேர்வுகளில் இதைச் செய்துபார்க்கத் தனி நிதி வேண்டாம். மாணவர் தமக்கு இயல்பாக வரும் தமிழிலேயே எழுத வேண்டும். எழுதிய தாளை ஆசிரியர் கேட்டு வாங்கக் கூடாது.