இவ்வளவு தூரம் தள்ளி வந்தும் மனை விலை ஏன் குறையல?

அரக்கோணம், சோளிங்கர் பக்கம் மனை பார்க்கிறவங்க எல்லாரும் கேட்கிறது இதுதான்: "சென்னையிலிருந்து 70 கிலோமீட்டருக்கு மேல தள்ளி வந்தும் இந்த விலையா?" கணக்குப் போட்டுப் பாருங்க.

ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. லேஅவுட் போடும்போது சாலைக்குச் சுமார் 30 சதவீதம், பூங்காவுக்கு 10 சதவீதம் போயிடும். மிஞ்சுறது 26,000 சதுர அடிதான். ஏக்கர் ஒரு கோடின்னு வெச்சா, சதுர அடி 230 ரூபாய்க்கு வாங்கின நிலம் அங்கேயே 380 ஆயிடுது. அப்ரூவல் செலவு, வட்டி, புரோக்கர் கமிஷன், லாபம் எல்லாம் அதுக்கு மேல. பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம் தனி.

பலரும் கோட்டை விடுறது மண்ணுலதான். இந்தப் பக்கம் நிறைய மனை ஏரிப் பாசன நஞ்சையா இருந்தது. ரோட்டை விட 3 அடி பள்ளம்னா, 1,200 சதுர அடிக்கு 3,600 கன அடி, அதாவது 36 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி) கிராவல் கொட்டி நிரப்பணும். தண்ணி விட்டுத் திமிசு போட்டு இடிச்சு இறுக்கினா அமுங்கும். 45 யூனிட்டுன்னு வெச்சுக்கோங்க. 3 யூனிட் லாரியில 15 லோடு. அவசரப்பட்டு அப்படியே தரை போட்டா, ரெண்டு மழைக்காலத்துல தரை இறங்கி டைல்ஸ் விரிசல் விடும். களிமண்ணா இருந்தா அஸ்திவாரமும் ஆழமாப் போகணும்.

சிமென்ட், கம்பி, கொத்தனார் கூலி எதுவும் தூரத்துக்காகக் குறையாது.

அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி, ஐப்பசி கார்த்திகையில நல்ல மழை பெய்ஞ்ச மறுநாள் ஒருதடவை மனையில போய் நின்னு பாருங்க. தண்ணி எவ்வளவு நிக்குதுன்னு கண்ணால தெரியும்.