கஃப் கட்டத் தெரிந்தால் போதுமா?

சிங்கப்பூரில் தாதிமை படிக்கப் பல வாசல்கள் உண்டு: தொழில்நுட்பக் கல்விக் கழகத்தின் சான்றிதழ்ப் படிப்பு, நன்யாங், நீ ஆன் பலதுறைத் தொழிற்கல்லூரிகளின் மூன்றாண்டு டிப்ளோமா, பல்கலைக்கழகப் பட்டம். எதில் நுழைந்தாலும் முதலாண்டில் உடலியங்கியல் வகுப்பு ஒரு பக்கம், செய்முறைக்கூடம் மறுபக்கம். மாணவர்கள் இரண்டையும் தனித்தனி நோட்டில் எழுதிக்கொள்கிறார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. செய்முறைத் தேர்வின் படிகளை வரிசை பிசகாமல் ஒப்பிப்பவர், நோயாளியின் உடல் அந்த வரிசைக்கு ஒத்துவராதபோது திகைத்து நிற்கிறார்.

ரத்த அழுத்தத்தையே பாருங்கள். வார்டில் எல்லாம் மெஷின்தானே, கையால் பார்ப்பதை ஏன் பழக வேண்டும் என்று கேட்பார்கள். நாடி ஒழுங்கில்லாமல் அடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் நோயாளியிடம் மெஷின் காட்டும் எண்ணை அப்படியே நம்ப முடியாது. முதியோர் வார்டில் அத்தகைய நோயாளிகள் அபூர்வமும் அல்லர்.

கையில் சுற்றிக் காற்றடிக்கும் பட்டைதான் கஃப். அதன் காற்றுப்பை அகலம் கைச்சுற்றளவில் 40 விழுக்காடும் நீளம் 80 விழுக்காடும் இருக்க வேண்டும். பருத்த கையில் சிறிய கஃப்பைக் கட்டினால், ரத்தக்குழாயை அமுக்கக் கூடுதல் காற்று தேவைப்படும். அளவு கூடிக் காட்டும். கீழ்விளிம்பு முழங்கை மடிப்புக்கு 2 முதல் 3 செமீ மேலே இருக்கட்டும். கை இதய மட்டத்தில் தாங்கலோடு இருக்க வேண்டும். கட்டிலோரம் 10 செமீ தாழ்ந்து தொங்கினாலே சுமார் 7, 8 மிமீ பாதரசம் ஏறிவிடும்.

அடுத்த படியைத்தான் பலர் தாவிவிடுகிறார்கள். ஸ்டெதாஸ்கோப்பை வைக்குமுன் மணிக்கட்டு நாடியைத் தொட்டபடி காற்றடித்து, நாடி எந்த எண்ணில் மறைகிறது என்று பார்க்க வேண்டும். பிறகு காற்றை முழுதும் இறக்கி, சற்று இடைவெளி விட்டு, அந்த எண்ணுக்கு 30 மேலே ஏற்றி, நொடிக்கு 2 முதல் 3 மிமீ வீதம் இறக்க வேண்டும். ஸ்டெதாஸ்கோப்பில் முதல் ஒலி கேட்கும் எண்ணே மேல் அழுத்தம். உயர் ரத்த அழுத்தம் உள்ள சிலருக்கு ஒலி 180இல் தொடங்கி, இடையில் மறைந்து, 140இல் மீண்டும் கேட்கும். வழக்கம்போல் 160 வரை மட்டும் ஏற்றியவர் 140 என்று எழுதிவைப்பார். ஒலி மறையும் அந்த இடைவெளியைப் பற்றிக் கேள்விப்படாதவருக்கு நாடியைத் தொடும் படி வெறும் சடங்காகவே படும்.

டயாலிசிஸுக்காக ஃபிஸ்டுலா (தமனியையும் சிரையையும் அறுவை சிகிச்சையில் இணைத்த இடம்) வைத்த கையில் கஃப் கட்டக் கூடாது. அழுத்தத்தால் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளலாம். எந்தக் கை என்று முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

மூச்சை எண்ணுவதில் வேறு வகைத் தவறு. “பாட்டி, மூச்சை எண்ணப்போறேன்” என்றதும் பாட்டியின் மூச்சு மாறிவிடும். நாடி பார்த்த விரலை எடுக்காமலேயே, நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுக்க எண்ண வேண்டும். வலி விஷயத்திலோ வாய் திறந்து கேட்டால்தான் முடியும். தமிழ் மட்டுமே பேசும் முதியவரிடம் 0 முதல் 10க்குள் ஓர் எண் சொல்லுங்கள் என்றால், “பரவாயில்லம்மா” என்பதே பதிலாக வரும். “குத்துதா, எரியுதா, விண்விண்ணு தெறிக்குதா? புரண்டு படுக்க முடியுதா தாத்தா?” என்று கேட்டால் விவரம் கிடைக்கும். தமிழ் மாணவர்களுக்கு இருக்கும் இந்தச் சாதகத்தை அவர்களே அதிகம் பயன்படுத்துவதில்லை.

மூக்குவழி இரைப்பைக்குச் செலுத்தி உணவூட்டும் குழாயில் தவறு நேர்ந்தால் விளைவு கடுமையானது. மூக்கு நுனியிலிருந்து காதுமடல், அங்கிருந்து மார்பெலும்பின் கீழ்முனை என்று அளந்து, குழாயில் குறியிட வேண்டும். செலுத்திய பின் உறிஞ்சியெடுத்த திரவத்தின் பிஹெச் (அமிலத்தன்மையின் அளவு; எண் குறைந்தால் அமிலம் அதிகம்) 5.5 அல்லது அதற்குக் கீழே இருந்தால் குழாய் இரைப்பையில் இருப்பதாகக் கொள்வது பரவலான வழக்கம். காற்றைச் செலுத்தி வயிற்றில் ஒலி கேட்கும் பழைய முறையை நம்பக் கூடாது. குழாய் நுரையீரலுக்குள் போயிருந்தாலும் ஒலி மேல்வயிற்றில் கேட்கலாம். திரவம் வரவில்லையென்றால் இடப்பக்கம் சாய்த்துப் படுக்கவைத்து, 15 முதல் 30 நிமிடம் கழித்து மீண்டும் முயலலாம். ஒமெப்ரசோல் என்ற அமிலக் குறைப்பு மருந்து சாப்பிடுபவருக்கு அமிலம் குறைந்து, குழாய் சரியான இடத்தில் இருந்தாலும் பிஹெச் 6ஐத் தாண்டலாம். அப்போது எக்ஸ்ரேயில் இடம் உறுதியாகும்வரை பால் ஏற்றாமல் காத்திருக்க வேண்டும். குடும்பத்தார் “பசியா இருப்பாரே” என்று பலமுறை கேட்டாலும்தான்.