ஹெல்சிங்கியில் ஓர் அட்டைப்பெட்டி

எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) மூன்றாம் செமஸ்டருக்குப் பரிமாற்ற மாணவியாக பின்லாந்தின் தலைநகர் ஹெல்சிங்கி வந்தேன். முதல் வகுப்பிலேயே பேராசிரியையைப் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னார்கள். எனக்கு ‘மேடம்’தான் வாயில் வந்தது. சரி, அது கிடக்கட்டும்.

கண்ணிலேயே நிற்பது அந்த அட்டைப்பெட்டிதான். பிறக்கப்போகும் குழந்தைக்கு அரசு தருவது. குட்டிச் சட்டைகள், குளிருக்கான உடுப்பு, அடியில் ஒரு மெத்தை. காலி செய்தால் பெட்டியே தொட்டில். 1938இல் ஏழைத் தாய்மார்களுக்கு மட்டும் தொடங்கியதை 1949இல் எல்லோருக்கும் ஆக்கினார்கள். கர்ப்பத்தின் நான்காம் மாதம் முடிவதற்குள் பரிசோதனைக்குப் போயிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஊரில் களப்பணியின்போது வருமானச் சான்றிதழுக்காக ஒரு கர்ப்பிணி அக்காவோடு மூன்று முறை அலைந்திருக்கிறேன். அதனால், “பணக்காரர்களுக்கும் எதற்கு?” என்று கேட்டேன். “எல்லோரும் வாங்கினால் யாருக்கும் கூச்சமில்லையே” என்றாள் பக்கத்து இருக்கைத் தோழி. அவளும் அந்தப் பெட்டியில் தூங்கியவளாம்.