ஜவ்வரிசிக் கொப்புளமும் காபித்தூள் ரத்தமும்

கோடை லீவுக்கு வந்த அக்கா பையன் பழைய டிவிடிப் பெட்டியைக் கிளறி 'கேபின் ஃபீவர்' இரண்டாம் பாகத்தை எடுத்தான். தியேட்டர் பக்கம் போகாமல் 2010இல் நேராக டிவிடியாக வந்த படம். முதல் பாகத்தில் காட்டுக்குள் இருந்த வைரஸ், இதில் தண்ணீர் பாட்டிலில் ஏறி ஒரு பள்ளிக்கூட நடன விழாவுக்கு வந்துவிடுகிறது. தோல் பொங்கி, தசை அழுகி, ஒரே களேபரம். தயாரிப்பாளர்கள் இஷ்டத்துக்கு வெட்டி ஒட்டிவிட்டார்கள் என்று இயக்குநர் டை வெஸ்ட் தன் பெயரையே எடுக்கச் சொன்னார், எடுக்கவில்லை. நிஜத்தில் தசையைத் தின்னும் நோய்க்குப் பெரும்பாலும் பாக்டீரியாதான் காரணம் என்று நான் ஆரம்பித்தேன். "மாமா, பேசாம படம் பாருங்க" என்றான்.

கதை சுமார். குடம் குடமாக ரத்தம் கொட்டிய இடங்களில் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம். தோலில் புண் கிளம்புகிற இடங்களில் மட்டும் காலைத் தூக்கி சோபாவின் மேல் வைத்துக்கொண்டோம். படம் முடிந்ததும் அவன் கேட்டான்: "இத நம்ம வீட்லயே செய்ய முடியுமா மாமா?" நான்கு நிமிடக் குறும்படம் எடுப்பது, இதே டிவியில் போட்டுக் காட்டுவது என்று முடிவாயிற்று. ஒப்பனை என் பொறுப்பு.

முதல் வாரம் ரத்தத்திலேயே போய்விட்டது. கருப்பு வெள்ளைக் காலத்தில் இந்தத் தொல்லை இல்லை; 'சைக்கோ' படத்தில் (1960) குளியலறையில் ஓடுவது சாக்லேட் சிரப். வண்ணம் வந்தபிறகுதான் சிவப்புக்குக் கஷ்டம். தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) எடுத்த மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோவின் நுழைவு வளைவு எங்கள் ஊரான சேலத்தில் ஏற்காடு ரோட்டில்தான் நிற்கிறது. அந்த ஊர்க்காரனுக்கு ஒரு சிவப்பு வராதா என்கிற திமிரில் இறங்கினேன்.

நம் வீடுகளில்தான் ஏற்கெனவே சிவப்புத் தண்ணீர் இருக்கிறதே, ஆரத்தி! மஞ்சள், சுண்ணாம்பு, தண்ணீர், அவ்வளவுதான். தட்டில் கரைத்தபோது நிறம் அருமையாக வந்தது. ஆனால் தண்ணீராக ஓடியது. கெட்டியாக்க ஒரு கம்பிப் பதத்தில் சர்க்கரைப் பாகு காய்ச்சினேன். பாகு பூத்துப்போகாமல் இருக்க எலுமிச்சைச் சாறு பிழிவது எங்கள் வீட்டுப் பழக்கம், பிழிந்தேன். ஆரத்தியை அதில் ஊற்றிக் கிளறியதும் கண் முன்னாலேயே ரத்தம் கேசரி ஆகிவிட்டது. சுண்ணாம்பின் காரத்தில்தான் மஞ்சள் சிவக்கிறது. புளிப்பு பட்டால் பழையபடி மஞ்சள். பத்தாம் வகுப்பில் படித்ததுதான், பாத்திரத்தில் பார்த்தால்தான் மண்டையில் ஏறுகிறது. எலுமிச்சை இல்லாமல் செய்து பார்த்தால் கொஞ்ச நேரத்தில் நிறம் மங்கியது. சுண்ணாம்பு முகத்தில், கண் பக்கத்தில் பட்டால் வம்பு வேறு. ஆரத்தியை விட்டுவிட்டேன். அன்று சிந்திய வெள்ளை வேட்டியை அம்மா மஞ்சள் கறை என்று நினைத்துச் சோப்புப் போட, சோப்பின் காரத்தில் அது மறுபடி ரத்தமாகச் சிவக்க, நான் வாங்கிய திட்டு தனிக்கதை. அப்புறம் இரண்டு நாள் வெயிலில் காயப்போட்டுத்தான் கறை போயிற்று.

கடைசியில் பேக்கரிச் சாமான் கடையில் லிக்விட் குளுக்கோஸும் சிவப்பு ஃபுட் கலரும் வாங்கினேன். பதம் சரியாக வந்தது, நிறம்தான் வரவில்லை. "ரத்தம் மாதிரி இல்ல மாமா, ரோஸ்மில்க் மாதிரி இருக்கு" என்றான். அப்படித்தான் இருந்தது.

சரி, கொப்புளத்தைப் பார்ப்போம் என்று செவ்வாய்ப்பேட்டைக்குப் போனேன். சேலத்தில் உட்கார்ந்துகொண்டு கொப்புளத்துக்கு வேறு எதைத் தேடுவது? எங்கள் ஊர்ச் சரக்கான ஜவ்வரிசிதான். கடைக்காரர், "பாயசத்துக்குங்களா, வடாத்துக்குங்களா?" என்று கேட்டார். நோய்க்கு என்று சொல்ல வாய் வரவில்லை. இரண்டு வகையும் வாங்கினேன். மாவு ஜவ்வரிசி வெந்ததும் குழைந்து கஞ்சியானது. நைலான் ஜவ்வரிசி உடையாமல் நின்றது. முழுதாக வெந்தால் கண்ணாடி மணி மாதிரி ஆகிவிடுகிறது. ஆனால் முக்கால் வேக்காட்டில் இறக்கிப் பச்சைத் தண்ணீரில் போட்டால் வெளியே கண்ணாடி, உள்ளே நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி. சீழ் கோத்த கொப்புளம்! சமையலில் இதைப் பக்குவம் தப்பியது என்பார்கள். எனக்கு இதுதான் பக்குவம். எங்கள் அடுப்பில் ஏழெட்டு நிமிடம். நிமிடத்துக்கு ஒன்றாக எடுத்துக் கிள்ளிப் பார்க்க வேண்டும்.

ஒட்டுவதற்கு ஜெலட்டின். ஒரு பங்கு தூளுக்கு இரண்டு பங்கு தண்ணீர், ஒரு பங்கு கிளிசரின். ஊறவிட்டு, கொதிக்கும் நீரின் மேல் கிண்ணத்தை வைத்து உருக்கி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்தபிறகே தடவ வேண்டும். அவன் முன்கையில் ஒரு பூச்சு, மேலே ஜவ்வரிசி, அதன்மேல் இன்னொரு பூச்சு. ஓரத்தை வெந்நீர் தொட்ட பஞ்சால் தேய்த்தால் தோலோடு கலந்துவிடுகிறது. பார்த்த எனக்கே தொண்டையில் என்னவோ செய்தது. அக்கா பார்த்துவிட்டு அன்று இட்லியை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

காமிராவோடு மொட்டைமாடிக்குப் போனோம். மே மாதச் சேலம். ஜெலட்டின் 35 டிகிரிக்கெல்லாம் இளகிவிடும் என்பதை யோசிக்கவில்லை. பத்தே நிமிடத்தில் நோய் மொத்தமும் முழங்கையிலிருந்து மணிக்கட்டுக்கு வழிந்து, தரையில் சொட்டி, எறும்பு வந்தது.

குளிர்ந்த இடம் வேண்டும். அடுத்த ஞாயிறு விடியற்காலையில் பைக்கில் ஏற்காடு. 20 கொண்டை ஊசி வளைவு ஏறினால் ஏறத்தாழ 1500 மீட்டர். வெயில் வருவதற்கு முன் எடுத்துவிடலாம். மேலே ஒரு நண்பரின் காபித் தோட்டத்தில் வைத்து ஒட்டினேன். ஜெலட்டின் அசையவில்லை. காபிச் செடிகளுக்கு நடுவே பனிமூட்டம், கையில் கொப்புளம், எல்லாம் அமைந்தது. ரோஸ்மில்க் ரத்தம் மட்டும் கெடுத்துக்கொண்டே இருந்தது.

டீ குடிக்கப் பக்கத்துக் கடைக்கு அப்படியே போனது என் தப்பு. கடைக்கார அம்மா அவன் கையைப் பார்த்ததும், "அய்யோ சாமி, என்ன கண்ணு ஆச்சு?" என்று ஓடிவந்து, நாங்கள் வாய் திறப்பதற்குள் ஒரு கைப்பிடி காபித்தூளை எடுத்து அப்பி அழுத்திவிட்டார். ரத்தம் நிற்பதற்கான கைவைத்தியம். உண்மையைச் சொன்னோம். "அறிவிருக்கா உங்களுக்கு? நெஞ்சே நின்னு போச்சு" என்றார். மன்னிப்புக் கேட்டுவிட்டு, வாங்க வேண்டாத இரண்டு பாக்கெட் காபித்தூளையும் வாங்கினேன்.

வெளியே வந்து அவன் கையைப் பார்த்தால், ரோஸ்மில்க் போயே போய்விட்டது. தூள் குளுக்கோஸில் ஊறிக் கறுஞ்சிவப்பாகி, ஓரங்களில் பொருக்குத் தட்டி, நேற்றைய புண் மாதிரி இருந்தது. இரண்டு வாரமாக நான் தேடிய நிறம். அங்கேயே ஓரமாக நின்று ஒன்பது ஷாட் எடுத்தோம்.

இப்போதைய நிலவரம்: கை, கழுத்து தேறிவிட்டன. இரண்டு மணி நேரத்துக்குமேல் ஜவ்வரிசி காய்ந்து வெடிக்கிறது. மேலே கிளிசரின் தடவிப் பார்க்க வேண்டும். கன்னத்தில் ஒட்டினால் பேசும்போது உதிர்கிறது, ஆகவே நோயாளிக்கு வசனம் கிடையாது. மீதி ஜவ்வரிசியை அம்மா வடாம் பிழிந்துவிட்டார். பொரித்த தட்டை அக்கா பையன் பக்கம் நகர்த்தினேன். அவன் என் பக்கம் நகர்த்தினான்.