கிராமத்தில் ஆணுறையை எங்கே வைப்பது?

பாலியல் தொழில் செய்யும் பெண்களுக்காக நகரத்தில் வகுத்த எச்.ஐ.வி. தடுப்புத் திட்டத்தை அப்படியே கிராமத்துக்குக் கொண்டுபோனால் முதலில் உடைவது ரகசியம். இங்கே அதற்கென்று தனி விடுதி கிடையாது. களை எடுக்கவும் நூறு நாள் வேலைக்கும் போகிற பெண்தான் சந்தை நாளில் பக்கத்து ஊர் பஸ் ஸ்டாண்டுக்குக் கஸ்டமர் தேடிப் போகிறார். செல்போன் வந்தபின் அங்கே நிற்பதும் குறைந்துவிட்டது. திட்டப் பெயர் எழுதிய ஜீப் ஒருமுறை அவர் வாசலில் நின்றால் போதும், அதன்பின் அவர் எந்த முகாமுக்கும் வரமாட்டார்.

தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் கணக்கில் ஏறக்குறைய 60 பேருக்கு ஒரு சக கல்வியாளர், அதாவது அதே தொழிலில் இருந்துகொண்டு மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவர். கொல்கத்தாவின் சிவப்பு விளக்குப் பகுதியான சோனாகாச்சி மாதிரி நெருக்கமான இடத்துக்கு அது சரி. அதே 60 பேர் பத்துப் பதினைந்து ஊர்களில் சிதறியிருந்தால் மதிப்பூதியத்தை பஸ் காசே தின்றுவிடும்.

வாரம் ஐந்து கஸ்டமர் என்றால் மாதத்துக்கு 20, 22 ஆணுறை. கிழிசலுக்கும் சேர்த்து 25 என்று வைக்கலாம். மொத்தமாகக் கொடுத்தால் எங்கே வைப்பார்? அரிசிப் பானையில் மாமியார் கை படும். தகரக் கூரையில் செருகினால் சூட்டில் லேடெக்ஸ் கெடும். நம்பிக்கையான தையல்கடை, பெட்டிக்கடை வழியாக வாரம் ஆறேழு கொடுப்பதே நடக்கிற காரியம். ஆணுறை வைத்திருப்பதைக் குற்றத்துக்குச் சாட்சியாகக் கொள்ளக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2022 மே 19 அன்று உத்தரவிட்டிருக்கிறது. காவல் நிலையத்தில் அதை முன்கூட்டியே பேசிவைக்க வேண்டும்.

ஆணுறை கிழிந்தால் அதன் தரத்தைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் காரணம் தேங்காய் எண்ணெய், வாசலின், பல்லால் கடித்துப் பிரிப்பது, நுனியில் நிற்கும் காற்று, இரண்டைச் சேர்த்து மாட்டுவது. பயிற்சியைக் கண்ணைக் கட்டிக்கொண்டு செய்யவைக்க வேண்டும், ஏனென்றால் வேலை நடப்பது கரும்புக்காட்டு இருட்டில். காலாவதித் தேதியைப் பகலிலேயே பார்த்துவிடணும். பாக்கெட்டுக்குள் இருப்பதை விரலால் ஒரு பக்கம் ஒதுக்கி, மறுபக்கம் கிழிக்கணும். நுனியைக் கிள்ளிப் பிடித்து அடிவரை உருட்டணும். உருளவில்லை என்றால் தலைகீழாக இருக்கிறது. அதைத் திருப்பிப் போடாமல் எறிந்துவிட்டு வேறொன்றை எடுக்கணும். முடிந்ததும் உறுப்பு தளருமுன் அடியைப் பிடித்தபடி வெளியே எடுக்கணும். கிழிந்துவிட்டால் பிறப்புறுப்புக்குள்ளே சோப்புப் போட்டுக் கழுவக் கூடாது. அது உள்தோலைப் புண்ணாக்கும்.

மூன்று மாதத்துக்கொரு மருத்துவப் பரிசோதனை, ஆறு மாதத்துக்கொருமுறை எச்.ஐ.வி., சிபிலிஸ் சோதனை. முகாமில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்தால் எல்லாப் பெண்களும் வருவார்கள், அந்தக் கூட்டத்தில் இவரும் தனித்துத் தெரியமாட்டார். கருப்பை வாய்த் தொற்று பலருக்கு அறிகுறியே காட்டாது. அதனால் 'எனக்கு ஒன்றும் இல்லை' என்பதை ஏற்றுக்கொண்டு அனுப்பிவிடக் கூடாது. அந்தத் தொற்று இருந்தால் கொடுக்கும் சாம்பல் நிற மருந்துக் கிட்டில் அசித்ரோமைசின் 1 கிராம், செஃபிக்சிம் 400 மி.கி. இரண்டும் ஒரே வேளை.

மருந்து சாப்பிட்டும் அதே நோய் திரும்புகிறதென்றால் பெரும்பாலும் கஸ்டமரிடமிருந்து அல்ல. கணவரிடமோ நிரந்தரத் துணையிடமோ ஆணுறை கிடையாது, அவருக்கு மருந்தும் போய்ச் சேர்ந்திருக்காது. அவருக்கென்று இன்னொரு கிட்டைக் கொடுத்தனுப்பலாம்தான். எதற்கு என்று அவர் கேட்டால் என்ன சொல்வது என்பதையும் அந்தப் பெண்ணோடு உட்கார்ந்து பேசித்தான் அனுப்ப வேண்டும்.