பத்மினிக்கு எந்தக் கார்பரேட்டர்? புதுச்சேரி அரியாங்குப்பம் பட்டறைக் குறிப்புகள்

ஆகஸ்ட் 4, 2025, திங்கள்

பிரீமியர் பத்மினி. 1089 சிசி, போர் (சிலிண்டர் விட்டம்) 68 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்) 75 மி.மீ., நாலு சிலிண்டர், சோலெக்ஸ் கார்பரேட்டர். ஸ்லோவில் (பெடலை மிதிக்காதபோது ஓடும் மெது ஓட்டம்) நிற்பதில்லை, சிக்னலில் காலை எடுத்தால் அணைந்துவிடுகிறது, மைலேஜும் போச்சு. பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் கார்பரேட்டரை மாற்றியே தீருவது என்ற முடிவோடுதான் வண்டி வந்திருக்கிறது. குற்றம் தீப்பொறிக்கான பாயிண்டிலோ வால்விலோ இருந்தால் புதுக் கார்பரேட்டரும் இதே பாட்டைத்தான் பாடும் என்பதால் முதலில் மற்றதெல்லாம் பார்த்தாயிற்று.

கம்ப்ரெஷன் நாலு சிலிண்டரிலும் 10 சதவீத வித்தியாசத்துக்குள். பாயிண்ட் இடைவெளி 0.45 மி.மீ., பிளக் இடைவெளி 0.6 மி.மீ. டைமிங் சரி. மேனிபோல்டில் (கலவை எஞ்சினுக்குள் போகும் குழாய்) வேக்குவம் கேஜ் (எஞ்சின் உறிஞ்சும் பலத்தைக் காட்டும் மானி) போட்டால் 13 அங்குலம் பாதரசம். நல்ல எஞ்சின் ஸ்லோவில் 17 முதல் 21 அங்குலம் காட்ட வேண்டும். நம் ஊர் கடல்மட்டத்தில் இருப்பதால் உயரத்துக்கென்று கழித்துப் பார்க்க எதுவுமில்லை. முள் துள்ளினால் வால்வைச் சந்தேகிக்கலாம். இங்கே முள் ஆடாமல் தாழ்ந்து நிற்கிறது. எங்கோ காற்று குடிக்கிறது.

எஞ்சின் ஓடும்போது கார்பரேட்டரின் திராட்டில் ஷாப்ட் (பெடலை மிதித்தால் காற்றுவழியைத் திறக்கும் பட்டர்பிளைத் தகட்டின் அச்சு) வெளியே வரும் முனையில் எஞ்சின் ஆயில் ஒரே ஒரு சொட்டு விட்டோம். சொட்டு ஒரு நொடி மினுங்கி நின்றது, பிறகு ஓரமாகச் சுருங்கி உள்ளே போய்விட்டது. ஸ்லோ சட்டென்று நிதானமானது, பத்து நொடியில் மறுபடி தடுமாற்றம். வேறு சாட்சி வேண்டாம். (இதற்காகப் பெட்ரோலைத் தெளித்துப் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். சூடான சைலன்சர் மேனிபோல்டு அதன் அடியிலேயே இருக்கிறது.)

ஆகஸ்ட் 5, செவ்வாய்

கழற்றினோம். ஷாப்டில் 0.35 மி.மீ. ஆட்டம். ஆட்டம் மட்டும் என்றால் லேத் பட்டறையில் ஓட்டையை ரீமர் போட்டுப் பித்தளை புஷ் அடித்தால் முடிந்தது. கார்பரேட்டர் மாற்றவே தேவையில்லை. நாலில் மூன்று வண்டிக்கு அதுவே போதும்.

இதில் இன்னும் இரண்டு கோளாறு. அடி பிளேட்டின் இரண்டு காதும் கீழே வளைந்திருக்கின்றன. நட்டை ஓங்கி இறுக்கியதன் பலன்: ஓரம் இறங்கி நடுவே தூக்கிக்கொள்ளும், எத்தனை பேக்கிங் வைத்தாலும் கசியும். இதைத் தேய்த்துச் சமன்படுத்தலாம். இரண்டாவது கோளாறுக்கு மருந்தில்லை: ப்ளோட் அறையின் (மிதவை பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் சிறு தொட்டி) அடியில் வெள்ளைப் பொடி. துத்தநாகக் கலவை உடம்பு; எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும்; கடலோரக் காற்று வேறு. நெடுநாள் நிறுத்திவைத்த வண்டியில் தண்ணீர் அடியில் பிரிந்து தங்கி உலோகத்தை அரித்துவிடும். குச்சியால் சுரண்டினால் பொடியோடு உடம்பும் வருகிறது. உடம்பை மாற்றத்தான் வேண்டும்.

ஆகஸ்ட் 7, வியாழன்

எதைப் போடுவது? பெரிதாகப் போட்டால் நன்றாக இழுக்கும் என்ற நம்பிக்கை இந்தப் பக்கம் வேரூன்றிக் கிடக்கிறது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

1.089 லிட்டர் எஞ்சின் 4800 சுற்றில் நிமிடத்துக்கு 2614 லிட்டர் காற்று கேட்கும், ஏனென்றால் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் முழுக் கொள்ளளவும் நிரம்பும். உண்மையில் 80 சதவீதம்தான் நிரம்பும் என்று வைத்தால் ஏறக்குறைய 2090 லிட்டர். இது சோலெக்ஸின் 24 மி.மீ. வென்சுரி (கார்பரேட்டரின் ஒடுங்கிய கழுத்து) வழியே நொடிக்கு 77 மீட்டர் வேகத்தில் போகும். 29 மி.மீ. வென்சுரியில் 53 மீட்டர்தான். 1500 சுற்றில் முழு திராட்டில் கொடுத்தால் முன்னதில் 24 மீட்டர், பின்னதில் 16 சொச்சம். பெட்ரோலை உறிஞ்சித் தூளாக உடைப்பது இந்த வேகம்தான். வேகம் குறைந்தால் பெட்ரோல் சொட்டாக விழும், மேனிபோல்டு தரையில் தேங்கும், மிதித்தால் வண்டி மூச்சுப் பிடித்து நிற்கும். காந்தி வீதி நெரிசலில் யார் 4800 சுற்றில் ஓட்டப் போகிறார்கள்?

கண்முன் மூன்று வழி.

வெபர் 34 ஐசிடி கார்பரேட்டர் புதிதாகவே கிடைக்கிறது. வென்சுரி 29 மி.மீ.; மேலே உள்ள கணக்கே பதில்.

அடுத்தது மாருதி 800 கார்பரேட்டர். பலரும் மாட்டுகிறார்கள். வண்டிக்காரரும் கேட்டார்: "மாருதிது போட்டா பெட்ரோல் மிச்சமாமே அண்ணே?" "மிச்சமாகும் தம்பி. அந்தக் காசை வால்வுக்குக் கொடுத்துடுவே." அது 796 சிசி மூன்று சிலிண்டருக்கு அமைந்தது. ஜெட் (பெட்ரோலை அளந்துவிடும் துளை) காற்றோட்டத்தைப் பார்த்துப் பெட்ரோல் கொடுப்பதால் சிசி கூடிய ஒரே காரணத்தால் கலவை வறண்டுவிடாது. அந்த அளவுக்குப் பயப்பட வேண்டியதில்லை. தொல்லை அடாப்டர் தட்டில்தான். இரட்டை வாய்க் கார்பரேட்டரை ஒற்றை ஓட்டை மேனிபோல்டில் உட்கார வைக்கும்போது நடுவே ஒரு படி விழுகிறது. பெட்ரோல் அதில் முட்டி ஒரு பக்கமாகச் சாயும். பிளக் கழற்றினால் இரண்டு கருப்பு, இரண்டு வெளுப்பு. வெளுத்த சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வுதான் முதலில் எரியும். தட்டை உள்ளே சரிவாகக் கடையத் தெரிந்த ஆள் இருந்தால் ஓடும்.

மூன்றாவது, அதே சோலெக்ஸ், அதே 32 மி.மீ. வாய், நல்ல உடம்பாகத் தேடுவது. ஸ்டட், பெடல் லிங்க், ஏர் கிளீனர் எதையும் தொட வேண்டாம். இதுவே முடிவு. பழைய உதிரிபாகம் விற்கும் சென்னைப் புதுப்பேட்டைக்குச் சொல்லியாயிற்று.

ஆகஸ்ட் 11, திங்கள்

இரண்டு வந்தன. ஒன்று பளபளக்கும் டூப்ளிகேட். பட்டர்பிளை மூடியபின் வெளிச்சத்தில் பிடித்தால் ஒரு பக்கம் பிறை நிலா மாதிரி ஒளி. திருப்பி அனுப்பியாயிற்று. மற்றது பழசு, ஷாப்ட் ஆட்டம் 0.08 மி.மீ. இதுதான்.

ஜெட்டின் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். சோலெக்ஸில் 120 என்றால் ஓட்டை 1.20 மி.மீ. இதில் 120 என்றுதான் பொறித்திருக்கிறது, 1.30 டிரில் பிட்டின் தண்டு தாராளமாக நுழைகிறது. யாரோ கம்பி விட்டுக் குத்தியிருக்கிறார்கள். லென்ஸில் பார்த்தால் வட்டத்தின் ஓரமெல்லாம் கீறல். ஜெட்டை அடைப்பெடுக்கக் காற்று மட்டும்தான், கம்பி ஆகாது.

வென்சுரி மி.மீ. அளவை 5 ஆல் பெருக்கினால் மெயின் ஜெட்டுக்கு ஒரு தொடக்கம் கிடைக்கும்: 24க்கு 120. அது சுத்தப் பெட்ரோல் காலத்துக் கணக்கு. சுத்தப் பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று. இப்போதுள்ளபடி 20 சதவீத எத்தனால் கலந்தால் 13.5 அளவுதான். அதாவது கிட்டத்தட்ட 9 சதவீதம் கூடுதல் எரிபொருள் வேண்டும். ஓட்டையின் பரப்பு விட்டத்தின் வர்க்கமாகக் கூடும். 120ஐ 125 ஆக்கினால் 8.5 சதவீதம். எனவே 125 போடுகிறோம். ஸ்லோ ஜெட்டைத் தொடவில்லை, ஸ்லோ கலவையைத் திருத்தும் மிக்ஸர் ஸ்க்ரூவிலேயே சமாளிக்கலாம்.

பித்தளை ப்ளோட்டை வெந்நீரில் அமுக்கிப் பார்த்தோம். குமிழ் வரவில்லை. வந்திருந்தால் ஈயம் வைக்கலாம், ஆனால் ஈயத்தின் எடைக்கு ப்ளோட் தாழ்ந்து பெட்ரோல் மட்டம் ஏறும். அதையும் பெட்ரோல் வரவை அடைக்கும் நீடிலின் சீட்டுக்குக் கீழ் வாஷர் கூட்டிச் சரிக்கட்ட வேண்டும்.

ஆகஸ்ட் 13, புதன்

மாட்டியாயிற்று. மேனிபோல்டு முகத்தில் இரும்பு ஸ்கேல் வைத்து 0.10 மி.மீ. பீலர் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைகிறதா பார்த்தோம், நுழையவில்லை. சூடு ஏறாமலிருக்கப் பேக்லைட் தட்டு, இரு பக்கமும் புதுப் பேக்கிங். நட்டுகளை மாற்றி மாற்றிக் கால் சுற்றாக இறுக்கினோம்.

பெட்ரோல் பம்ப் அழுத்தம் 5 பிஎஸ்ஐ. இதற்கு 3 போதும். 4 தாண்டினால் நீடிலைத் தள்ளிக்கொண்டு ஓவர்ஃப்ளோ ஆகும். பம்பின் அடியில் பேக்கிங் கூட்டியதும் 3க்கு வந்தது. ரப்பர் ஹோஸ் எல்லாம் எத்தனாலைத் தாங்கும் ஜே30 ஆர்9 ரகம்; பழைய ஹோஸ் எத்தனாலில் ஊறி உள்ளே கருப்பாக உதிர்ந்திருந்தது.

பெடலை முழுக்க மிதிக்கச் சொல்லி மேலிருந்து பார்த்தால் பட்டர்பிளை முக்கால்தான் திறக்கிறது. லிங்க் ராடை 6 மி.மீ. குறைத்ததும் நெட்டாக நின்றது. பிக்கப் இல்லை என்று வரும் வண்டிகளில் இதை யாரும் பார்ப்பதே இல்லை.

மிக்ஸர் ஸ்க்ரூ ஒன்றரைச் சுற்று வெளியே. ஸ்லோ நிமிடத்துக்கு 800 சுற்று. வேக்குவம் 18½.

ஆகஸ்ட் 16, சனி

தவளக்குப்பம் வழியாகக் கடலூர். சாலை தட்டையாக இருப்பதால் எஞ்சினுக்குச் சுமையே கிடையாது. மெயின் ஜெட்டைச் சோதிக்க இது உதவாது. கேப்பர் மலைக்கு விட்டோம். மலை என்று பெயர்தான், மேடுதான், ஆனாலும் நம் பக்கத்தில் வேறு எது இருக்கிறது? மூன்றாவது கியரில் முழு மிதி, மேட்டின் முடிவில் கிளட்ச் அமுக்கி இக்னிஷன் ஆஃப், உருண்டு ஓரத்தில் நிறுத்திப் பிளக் கழற்றல்.

இன்றைய பெட்ரோலில் பழைய காபிக் கலர் வராது. பீங்கான் வெளுப்பாகவே இருக்கும். உள்ளே அடியில் மெல்லிய மண்நிற வளையம் தெரிகிறதா என்பதுதான் கேள்வி. மூன்றில் தெரிந்தது. நாலாவதில் இல்லை. மேனிபோல்டின் அந்த முனை நட்டு அரைச் சுற்றுத் தளர்ந்திருந்தது. இறுக்கி மறுபடி ஏற்றினோம், வளையம் வந்தது.

ஆகஸ்ட் 23, சனி

வெயிலில் ஓட்டி, மதியம் பதினைந்து நிமிடம் நிறுத்திவிட்டு ஸ்டார்ட் செய்தால் மூன்று நாலு முறை செல்ஃப் அடிக்க வேண்டியிருக்கிறது. ப்ளோட் அறைப் பெட்ரோல் கொதித்து உள்ளே வழிகிறது. பேக்லைட் 5 மி.மீ. இருந்தது, 8 ஆக்கினோம். ஸ்டட் நீளம் தாராளமாகப் போதும், லிங்க் மட்டும் 3 மி.மீ. மறுபடி சரிசெய்தோம். இப்போது பெடலை லேசாக மிதித்தபடி ஒரே செல்ஃப். ஜெட் 125 அப்படியே.